சாமியாடியின் சர்க்கரை

"எடுக்கலைன்னா என்னக்கா செய்யணும்?"

போன மாதம் ராஜபாளையத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற நர்ஸான என்னையும் கொஞ்ச நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து இதைக் கேட்டாள். அரசுக் காப்பீட்டில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளியை நாம் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவர் எடுக்கவே இல்லை என்றால்? நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் பதில் சொல்லிவிட்டாள். "மூணு தடவ அடிச்சுப் பாரு. எடுக்கலைன்னா கம்ப்யூட்டர்ல 'தொடர்புகொள்ள முடியவில்லை'ன்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதை அமுக்கிரு. பச்சையாயிரும். அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். மைக்கைத் திரும்ப வாங்கி என்னவோ பேசினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் முகம் மாறிப்போனது. சாயங்காலம் அந்த முதல் பெண்ணே எனக்குப் போன் பண்ணினாள். "அக்கா, கோவப்பட்டீங்க, சரி. ஆனா எதுக்குன்னு சொல்லவே இல்லையே" என்றாள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. மதுரையில் நர்சிங் படித்தபோது முதல் ஊசியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்து வாந்தி எடுத்தவள். அதற்குப் பிறகு ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் பிரசவம், விபத்து, பாம்புக்கடி, பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கிய விரல்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பயம் மட்டும் போகவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டு, கேஸை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்ப அடுப்படிக்குள் போகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்.

என் வேலைக்காலத்தின் கடைசி வருடங்களில்தான் அந்தப் புதிய ஏற்பாடு வந்தது. ஒருங்கிணைந்த பராமரிப்பு என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிதுதான். அதற்கு முன்பு ஒரு நோயாளி காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குப் போவார். அறுவை சிகிச்சை முடியும். வீட்டுக்கு அனுப்பியதோடு அந்த மருத்துவமனை அவரை மறந்துவிடும். இந்தப் பக்கம், மாதாமாதம் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கிற எங்கள் ஆட்களுக்கு அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டதே தெரியாது. இரண்டு பக்கமும் நல்ல வைத்தியம்தான் நடக்கும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். விழுகிறவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் விழுவார்கள். அதை மூடுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. நோயாளி வீடு திரும்பிய மறுநாள் தனியார் மருத்துவமனை எங்களுக்குத் தகவல் தர வேண்டும். நாங்கள் நோயாளியோடு பேசி, அவரிடம் இருக்கிற மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு மேசை, ஒரு போன், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற சில கருவிகள், கூடவே நான்.

இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தது ரேவதி மேடம். எங்கள் மருத்துவ அலுவலர். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் மேடம், எனக்குப் பயமா இருக்கு, தைரியமான ஆளாப் பாத்துக் கொடுங்க" என்றேன். அவர் ஒரு நோயாளியின் நாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தைரியமான ஆளு தூங்கிருவாங்க சிஸ்டர். எனக்குப் பயப்படுற ஆளுதான் வேணும்."

மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. அவசரம் என்று யாராவது ஓடிவந்தால் உடனே எழுந்து நின்றுவிடுவார். நின்றுகொண்டேதான் கேட்பார். மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்க மாட்டார். ஆள் எங்கே இருக்கிறார், கடைசியாக என்ன சாப்பிட்டார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. என்ன வியாதி என்றே கேட்காமல் இது என்ன விசாரணை என்று நினைத்தேன். போகப்போகத்தான் புரிந்தது. வியாதியைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகாது. ஆளைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. 'பையைக் கொட்டு' என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நோயாளி வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி, "இது யார் கொடுத்தாங்க? எதுக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்பார். யாரையும் திட்ட மாட்டார். திட்டினால் அடுத்த தடவை பாதியை வீட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டு வருவார்கள் என்பார். ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கொட்டிய குவியலில் ஓர் அந்துருண்டை கிடந்தது. மேடத்தின் விரல் அப்படியே நின்றுவிட்டது. "இதை எப்ப போடுவீங்க?" என்று அமைதியாகத்தான் கேட்டார். "இன்னும் போடலம்மா. டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. எந்த டாக்டர் குடுத்ததுன்னு தெரியல. அதான் கேட்டுட்டுப் போடுவோம்னு கொண்டாந்தேன்" என்றார் அவர். அன்றைக்கு அவர் கேட்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

இனி குருசாமி விஷயத்துக்கு வருகிறேன்.

சேத்தூர்க்காரர். அறுபதை நெருங்கிய வயது. வயலும் கொஞ்சம் தென்னையும் உண்டு. மகன் ராணுவத்தில் இருந்தான். பித்தப்பைக் கல்லுக்காகக் காப்பீட்டு அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தார். அந்த மருத்துவமனையிலிருந்து எங்களுக்குத் தகவல் மறுநாளே வந்திருக்க வேண்டும். புது ஏற்பாடு, அவர்களுக்கும் பழக்கமில்லை. காயம் ஆறித் தையல் பிரித்து ஆள் நடமாடத் தொடங்கிய பிறகுதான் வந்தது. வந்ததைப் படித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்ததால் புதிதாகச் சர்க்கரை மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் சுணக்கமாக இருக்கிறது என்றும் ஒரு வரி இருந்தது.

அவர் எண்ணுக்கு அடித்தேன். போகவில்லை. அவருடைய மனைவி பேச்சியம்மாள் எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சேத்தூரில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற செல்வியைக் கூப்பிட்டேன்.

"குருசாமின்னு ஒருத்தர். அவருக்கு நீ சர்க்கரை மாத்திரை குடுக்குறியா?"

"ஆமாக்கா, ரெண்டு வருசமா குடுக்கேன். போன வாரங்கூட ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடுத்துட்டு வந்தேன். ஆபரேசன் ஆனவரு, அலைய வேண்டாம்னு."

"ஆஸ்பத்திரியில வேற மாத்திரை குடுத்திருக்காங்கன்னு சொன்னாரா?"

"சொன்னாருக்கா. அது ஆபரேசனுக்குக் குடுத்த மாத்திரைன்னு சொன்னாரே."

இரண்டு இடத்து மாத்திரைக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. வேலை ஒன்றுதான். இரண்டும் சர்க்கரையை இறக்குகிறவை. ஒரு மனிதர் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்றால் லேசான கிறுகிறுப்போடு தப்பித்துக்கொண்டிருப்பார். செல்வியை வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போன வேகத்தில் அவளே கூப்பிட்டாள்.

"வீடு பூட்டியிருக்குக்கா. பக்கத்து வீட்டுல கேட்டேன். இன்னிக்கு அவுக குலசாமிக்குப் பொங்கலாம், கருப்பசாமி. குடும்பத்தோட மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு வேன்ல போயிட்டாக. இவருதான் சாமியாடியாம். காப்புக் கட்டியிருக்காராம். நேத்துலருந்து பச்சத்தண்ணியத் தவிர வேற எதுவும் தொடலயாம்."

"மாத்திரை?"

செல்வி யாரிடமோ கேட்டாள். திரும்பவும் போனில் வந்தபோது அவள் குரலே மாறியிருந்தது. "மாத்திரையை மட்டும் விடலயாம்க்கா. எதை விட்டாலும் மாத்திரைய விடாதீகன்னு ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டாகளாம். மாத்திரை என்ன சோறா, அதுக்கெல்லாம் விரதம் முறியாதுன்னு வேன்ல ஏறும்போது எல்லாத்தையும் போட்டுக்கிட்டுத்தான் போனாராம்."

நான் மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் எழுந்து நின்றார். எங்கே, என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில். நான் சொல்லி முடித்தபோது அவர் ஏற்கனவே அலமாரியைத் திறந்து குளுக்கோஸ் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பிரசவ வார்டில் ஒரு பெண் வலியில் இருந்தாள்.

"நான் நகர முடியாது. ஜீப்பை எடுத்துக்கிட்டு நீங்க போங்க. ஆம்புலன்ஸை வனத்துறை செக்போஸ்ட்டுக்கு வரச் சொல்லுறேன். அதுக்கு அங்கிட்டு சிக்னல் இருக்காது. நீங்களா முடிவு எடுக்க வேண்டியதுதான்."

"மேடம், நானா?"

"வேற யாரு?"

ஜீப்பில் ஏறினேன். அன்றைக்கு முகூர்த்த நாள். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் முன்னால் கல்யாண வேன்களும் கார்களும் தெருவை அடைத்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார் சாவகாசமாக இறங்கிப் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தால், "என்ன அவசரம், போவீங்க, போவீங்க" என்று சிரிக்கிறார்கள். அந்த மனிதர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

சர்க்கரை ரொம்ப இறங்கினால் என்ன ஆகும் என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கை நடுங்கும். உடம்பு வேர்த்துக் கொட்டும். பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் சத்தம் போடுவார்கள், பிடிக்க வருகிறவர்களைத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு விழுவார்கள். விழுந்தபின் வாயில் எதையும் ஊற்ற முடியாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வீட்டிலோ கடைத்தெருவிலோ ஒருவருக்கு இப்படி ஆனால், பார்க்கிறவர்கள் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்பார்கள். கருப்பசாமி கோயிலில் ஒரு சாமியாடிக்கு இப்படி ஆனால்? ஜீப் குலுங்கக் குலுங்க எனக்கு இந்த ஒரு நினைப்புத்தான். அங்கே யாரும் பதற மாட்டார்கள். குலவை போடுவார்கள்.

செக்போஸ்ட்டில் ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. வனக்காவலர் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். கொஞ்ச தூரத்திலேயே உறுமி மேளச் சத்தம் கேட்டது.

மரத்தடியில் பெரிய கூட்டம். நடுவில் குருசாமி. கச்சை கட்டி, மாலை போட்டு, வலது கையில் அருவாளோடு நின்றார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. திருநீறு பூசிய நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகிக் கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கண் சிமிட்டவும் இல்லை. அவர் முன்னால் அவருடைய பெரியப்பா மகன், கோயில் பூசாரி, உடுக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கொறை வச்சோம்? சொல்லு சாமி. வாயத் தெறந்து சொல்லு!"

குருசாமி வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. நாக்கு குழறி ஒரு முனகல் மட்டும் வந்தது.

"சாமி உக்கிரமா இருக்கு. எல்லாரும் விழுந்து கும்பிடுங்க" என்றார் பூசாரி. கூட்டம் முழுக்கத் தரையில் விழுந்தது. பூசாரியைத் தவிர நின்றது நானும் குருசாமியும் மட்டும்தான். அவர் கையில் அருவாள் இருந்தது. என் கையில் குளுக்கோஸ் பாக்கெட்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அருவாளுக்கு மட்டும் பயமில்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டுக்கும் ஒரு கருப்பசாமி உண்டு. சாமி வந்து நிற்கிற ஆள்மேல் செருப்புக் காலோடு போய்க் கைவைப்பதா? ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? நிஜமாகவே சாமியாக இருந்தால்? செருப்பைக் கழற்றிவிட்டேன். அதற்குமேல் கால் நகரவில்லை.

அப்போது கீழேயிருந்து என் சேலையை யாரோ இழுத்தார்கள். ஒல்லியான பெண், தலையில் துண்டு. "நீங்க ஆசுபத்திரி சிஸ்டர்தான? நான் அவிய வீட்டுக்காரி."

பேச்சியம்மாள். குனிந்த என் காதோடு வாயை வைத்துச் சொன்னார். "சிஸ்டர், இது சாமி இல்ல. சாமி வந்தா அவிய உடம்பு அனலாக் கொதிக்கும். பக்கத்துல நிக்க முடியாது. செத்த முன்னால தொட்டுப் பாத்தேன். சில்லுனு கெடக்கு. பொணத்தத் தொட்ட மாதிரி இருக்கு."

"அவர்கிட்டச் சொல்லுங்களேன், பூசாரிகிட்ட!"

"பொம்பள நான் எப்படிச் சொல்ல? சாமிய இல்லைன்னு சொன்னேன்னு குடும்பமே என்ன அடிச்சு வெரட்டிரும்."

"சொல்லலைன்னா அவரு இருக்க மாட்டாரு."

இதைச் சொன்னது நான்தான். இவ்வளவு பச்சையாக என் வாழ்க்கையில் நான் யாரிடமும் பேசியதில்லை. பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டென்று எழுந்து நின்று, கூட்டமே அதிரும்படி கத்தினார்.

"சாமிக்குத் தாகம்! பானக்கம் கேக்குது!"

பூசாரி திரும்பினார். "எப்ப கேட்டுச்சு? எங்காதுல விழலயே."

"எங்காதுல விழுந்துச்சு! தாகம் தாகம்னு கேக்குது. குடுக்கப் போறியளா, இல்ல சாமி வாயக் காயவிடப் போறியளா?"

படையலுக்குக் கரைத்து வைத்திருந்த பானக்கம் செம்புப் பானையில் இருந்தது. வெல்லமும் தண்ணீரும். படைப்பதற்கு முன்னால் யாரும் தொடக்கூடாது. பூசாரி பானையைப் பார்த்தார், குருசாமியைப் பார்த்தார். சாமி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? தலையசைத்தார். பேச்சியம்மாள் ஒரு சொம்பில் மொண்டுகொண்டு ஓடினார். நானும் கூடவே ஓடி, பாக்கெட்டைப் பிரித்து அதற்குள் கொட்டினேன். அருவாள் என் தோளுக்குப் பக்கத்தில் ஆடியது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் தொண்டையை மட்டும்தான் பார்த்தேன். விழுங்குகிறாரா? பாதி நெஞ்சில் வழிந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்குகிறார். இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று.

அருவாள் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. உட்கார்ந்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் அவர் விரலைப் பிடித்துக் குத்தினேன். அத்தனை வெல்லம் குடித்தபின்பும் கருவி நாற்பத்து நான்கு காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. குடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நானும் அவர் பக்கத்தில் விழுந்திருப்பேன்.

செத்த நேரத்தில் அவருக்குத் தெளிவு வந்தது. என் சீருடைச் சேலையைப் பார்த்து, "சிஸ்டர்? நீங்க எங்க இங்க வந்திய?" என்றார்.

நிம்மதி என்று நினைப்பீர்கள். இல்லை. இனிமேல்தான் பெரிய பயம். சாப்பிடாமல் இறங்கிய சர்க்கரை, வெல்லம் கொடுத்தால் ஏறி நின்றுவிடும். மாத்திரையால் இறங்கியது அப்படியில்லை. மாத்திரை உடம்பிலிருந்து போகிற வரைக்கும் மறுபடி மறுபடி இறங்கிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் சுணங்கிய ஆளுக்கு அது சீக்கிரம் போகவும் போகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அவர்களோ கிடாய்க்கு மஞ்சள்தண்ணி தெளிக்க ஆயத்தமானார்கள்.

"அதான் சாமி மலையேறிருச்சே. ஆளு தெளிவாத்தான இருக்கான்? கெடா வெட்டிட்டு, சாப்பிட்டுட்டுக் கெளம்பட்டும்" என்றார் பூசாரி.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். காரியத்த முடிச்சிட்டு வாரேன்" என்றார் குருசாமியும்.

மேடத்தைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். ஒரு புள்ளி சிக்னல் இல்லை. "இப்பவே வரணும். மறுபடியும் இறங்கும். அடுத்த தடவ எந்திரிக்க மாட்டீங்க" என்று சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற ஒரு நர்ஸை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூசாரி என் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப வந்தது சாமி இல்லங்கியளா?"

குருசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாமி வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுய்யா. சர்க்கரை இறங்கிருச்சு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

குருசாமி எழுந்துவந்து ஜீப்பில் ஏறினார். செக்போஸ்ட்டில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏற்றி ஊசி குத்தும்போதே மறுபடி வேர்த்தது, கண் சொருகியது. அங்கேயே உட்கார்ந்து கிடாய் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மறுநாளும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மேடம் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய சண்டை வரும் என்று எனக்கு நடுக்கம். அவர் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. அவர்களுடைய மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, குருசாமியின் பையைக் கொட்டினார். "இது நீங்க கொடுத்தது. இது நாங்க கொடுத்தது. ரெண்டு பேரும் சரியாத்தான் கொடுத்திருக்கோம்" என்றார். அங்கிருந்த டாக்டர் இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அன்றிலிருந்து அங்கே சேர்க்கிறபோதே வீட்டு மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னார்கள். விரதம் உண்டா, எப்போது, என்று நாங்களும் கேட்கத் தொடங்கினோம். எல்லா ஊரிலும் இப்போது அதைக் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

குருசாமி மாதாமாதம் வந்தார். மாத்திரை சரியாகப் போட்டார், சர்க்கரையும் சரியாக இருந்தது. ஆள்தான் சரியில்லை. மெலிந்துகொண்டே போனார். ஊரில், "சாமியா, சர்க்கரையா?" என்று கேலி கிளம்பியிருந்தது. இந்த வருடம் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பூசாரியும் சொல்லிவிட்டாராம். ஒருநாள் மற்றவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். எங்கப்பா காலத்துக்குப் பொறவு எம்மேலதான் சாமி வந்துச்சு. எத்தனையோ பேருக்குத் துன்னூறு பூசியிருக்கேன். புள்ளை வரம் குடுத்திருக்கேன். அதெல்லாம் என்னது?"

"அப்பல்லாம் உங்களுக்குச் சர்க்கரையே இல்லையே" என்றேன்.

"எப்ப வந்துச்சுன்னு யாரு கண்டா? பாத்தபொறவுதான தெரிஞ்சுச்சு." அவர் கை மேசைமேல் லேசாக நடுங்கியது. அதை அவரே பயந்துபோய்ப் பார்த்தார். "இப்பல்லாம் கை செத்த நடுங்குனாக்கூட, இது எதுன்னு எனக்கே தெரியல. இப்படி வாழ முடியல சிஸ்டர். இந்தப் பொங்கலுக்கு நீங்க வரணும். சாமி வரும்போது என் விரல்ல குத்திப் பாக்கணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் அருவாளக் கீழ வச்சிருதேன்."

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். மேடத்திடம் புலம்பினேன். மேடம் அவரைக் கூப்பிட்டு, விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது இளநீர் குடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றார். பூசாரியை எப்படிச் சம்மதிக்கவைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சியம்மாள் காலில் விழுந்ததாகச் சொன்னார்கள்.

அதே மரத்தடி. அதே கூட்டம். இந்த முறை யாரும் குலவை போடவில்லை. எல்லோரும் குருசாமியையும் என் கையில் இருந்த கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உறுமி அடிக்கத் தொடங்கினார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. குருசாமி கண்ணை மூடி நின்றார், கண்ணோரம் ஈரமாக இருந்தது. வராது போலிருக்கிறது, இந்த மனிதர் இத்தோடு உடைந்துபோவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் இடது கால் அதிர்ந்தது. அப்படியே முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறியது. கையில் அருவாளைக் கொடுத்தார்கள்.

பேச்சியம்மாள் கணவரின் இடது கையைப் பிடித்து என்னிடம் நீட்டினார். "குத்துங்க சிஸ்டர்."

தொட்டேன். சுட்டது. விரலில் குத்தி, ரத்தத்தைத் தொட்டுக் கருவியில் வைத்தேன். எண் வந்தது.

"எம்புட்டு?" என்றார் பேச்சியம்மாள்.

"நூத்தி இருபத்தாறு."

"அப்படின்னா?"

"சரியா இருக்கு. ஒரு கொறையும் இல்ல."

அவர் கணவரின் கையை விட்டுவிட்டுத் தடாலென்று மண்ணில் விழுந்து கும்பிட்டார். பின்னால் கூட்டமும் விழுவது கேட்டது. கருவியை இன்னொரு தடவை பார்த்தேன். நூற்று இருபத்தாறுதான். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த எண்களை நம்பித்தான் நான் வேலை பார்த்தேன். போன வருடம் எனக்கு இருந்தது, ஒரு மனிதர் செத்துப்போவாரே என்கிற பயம். அது என்ன பயம் என்று எனக்குத் தெரியும். இப்போது வந்தது வேறு. சர்க்கரை சரியாக இருக்கிறது என்றால், என் முன்னால் அருவாளோடு நிற்பது யார்?

உறுமி நின்றது. அவர் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. குருசாமியின் குரல் இல்லை அது.

"எவ என்னைக் குத்துனது?"

இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். ஊசி இன்னும் என் விரலிடுக்கில் இருந்தது.